காக்ஸனுக்காக ஒரு சென்டர்பின்: கம்பி ஸ்போக் வைத்த தூண்டில் ரீல் செய்த கதை முழுதும்

சென்டர்பின் ரீலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் செய்வது ஒன்றுதான். டிரம்மை விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பார்கள். அதிக நேரம் சுற்றினால் நல்ல ரீல், இன்னும் அதிக நேரம் சுற்றினால் இன்னும் நல்ல ரீல். இந்தச் சோதனை தவறு என்பதுதான் நான் இந்த ரீலைச் செய்யத் தொடங்கியதற்கே காரணம், அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: சென்டர்பின் என்பது தூண்டில் ரீல்களிலேயே எளிமையானது. ஒரு நிலையான எஃகு அச்சு, அதன்மேல் தடையில்லாமல் சுற்றும் ஒரு டிரம், பின்னால் அச்சைத் தாங்கும், சுற்றாத ஒரு பின்தட்டு. கியர் கிடையாது, மீனின் ஓட்டத்தை அடக்கும் டிராக் என்ற பிரேக்கும் கிடையாது. மீன் ஓடினால் டிரம்மின் விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துவதுதான் பிரேக். ஆற்றில் தக்கையைப் போட்டுவிட்டால், நீரோட்டம் தக்கையை இழுக்க, தக்கை நரம்பை (தூண்டில் கயிற்றை) இழுக்க, நரம்பு டிரம்மைச் சுற்ற வைக்கும், இரை ஓட்டத்தின் வேகத்திலேயே இயல்பாகப் போகும். நான் இருக்கும் கனடாவின் ஒண்டாரியோவில் ஸ்டீல்ஹெட் என்ற ட்ரௌட் மீனைப் பிடிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் வேறு ரீலைத் தொடவே மாட்டார்கள் என்று தோன்றும், டொராண்டோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றங்கரையில் ஏப்ரல் மாதம் போய் நின்றால் அப்படித்தான் இருக்கும். ஸ்டீல்ஹெட் இந்த ஏரிகளின் சொந்த மீன் இல்லை, பசிபிக் கரையோரத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்து விடப்பட்டது. ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும். சென்டர்பின்னும் அதேபோல வெளியூரிலிருந்து வந்து இங்கே ஊன்றிக்கொண்டதுதான், அதன் ஊர் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்.

நாட்டிங்ஹாமில் ட்ரென்ட் ஆறு. அகலமான, சீராக ஓடும் ஆறு. அங்கே தக்கையை ஓட்டத்தோடு வெகுதூரம் விட்டுப் பிடிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டிலேயே நன்றாக வளர்ந்திருந்தது, அதற்கென்று மரத்தில் கடைந்த ரீல்களும் இருந்தன. வால்நட் மரத்தில் கடைந்து, பின்பக்கம் பித்தளை நட்சத்திரம் பதித்தவை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மரம் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், காலையில் ஓடிய ரீல் மழையில் நின்ற பிறகு மதியம் முறுகும். இந்த இடத்தில்தான் ஹென்றி காக்ஸன் வருகிறார். நாட்டிங்ஹாம்காரர், ட்ரென்ட்டில் மீன் பிடித்தவர், 1890களில் அவர் யோசித்த ரீலைத்தான் ரெட்டிச் ஊரின் ஆல்காக் கம்பெனி ‘ஏரியல்’ என்ற பெயரில் செய்து விற்றது. ரெட்டிச் ஊசித் தொழிலுக்குப் பேர்போன ஊர், ஊசியிலிருந்து தூண்டில் முள்ளுக்கும், முள்ளிலிருந்து ரீலுக்கும் வந்தவர்கள் அவர்கள். ஏரியல் பல வடிவங்களில் 1960கள் வரை வந்துகொண்டிருந்தது. ஒரு தூண்டில் ரீலுக்கு அது மிக நீண்ட ஆயுள், அதுவும் நடுவில் 1905இல் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் சுற்றாத டிரம் கொண்ட ரீலுக்குக் காப்புரிமை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூண்டில் உலகத்தையே தன் பக்கம் திருப்பிவிட்ட பிறகும்.

காக்ஸன் செய்தது என்ன? மரக்கட்டையாக இருந்த டிரம்மின் வயிற்றைக் காலி செய்தார். அச்சின்மேல் சுற்றும் நடுக்குடத்திலிருந்து மெல்லிய கம்பிகள் ஸ்போக்குகளாகப் போகும், நரம்பு அந்தக் கம்பிக் கூட்டின் மேலே சுற்றும், உள்ளே வெறும் காற்று. அந்த ஊரில் அது சைக்கிள் காலம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்லும் ராலே சைக்கிள் பிறந்தது அதே நாட்டிங்ஹாமில்தான், 1880களில். இழுவிசையில் நிற்கும் மெல்லிய கம்பி ஒரு ஆளையே தாங்கும் என்பது அந்தத் தெருக்களில் எல்லோரும் தினமும் பார்த்த விஷயம். இன்னொரு நன்மையும் இருந்தது. அப்போது நைலான் இல்லை, பட்டு நரம்புதான், நனைந்தபடியே விட்டால் அது மக்கிப்போகும். உள்ளிருந்தும் காற்றுப் படும் டிரம்மில் அது சீக்கிரம் உலரும்.

இனி முதலில் சொன்ன சோதனைக்கு வருகிறேன். டிரம் நீண்ட நேரம் சுற்றுவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, அச்சில் உராய்வைக் குறைப்பது. இன்னொன்று, விளிம்பில் எடையை ஏற்றுவது. இரண்டாவது வழியில் டிரம் ஒரு ஃப்ளைவீல் ஆகிவிடும், தட்டிவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், பார்ப்பவர் அசந்துபோவார். ஆற்றில் அதே எடை எதிரியாகிவிடும். ஆறு கிராம் தக்கை அந்த டிரம்மை நின்ற நிலையிலிருந்து கிளப்ப வேண்டும், ஓட்டம் தளரும் இடத்தில் டிரம்மும் கூடவே தளர வேண்டும். கனத்த விளிம்பு கிளம்பவும் மறுக்கும், நிற்கவும் மறுக்கும். கிளம்ப மறுத்தால் தக்கை சாய்ந்து இரை மேலே தூக்கப்படும், நிற்க மறுத்தால் நரம்பு தளர்ந்து டிரம்மைச் சுற்றிக் கூடு கட்டிவிடும். சுழற்சியில் எடையின் பாதிப்பு தூரத்தின் வர்க்கமாகப் பெருகும், அதாவது மையத்திலிருந்து 28 மி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிராமைவிட 56 மி.மீ. தூரத்தில் இருக்கும் ஒரு கிராம் நான்கு மடங்கு தொல்லை கொடுக்கும். காக்ஸனின் கம்பிக் கூடு தீர்த்த கணக்கு இதுதான். இன்று கணினி லேத்தில் கனமான அலுமினியக் கட்டையைக் குடைந்து, நல்ல பால் பேரிங் போட்டு விற்கப்படும் பல ரீல்களில் பேரிங்கின் தரம் எடையின் குறையை மறைத்துவிடுகிறது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் நான் ஏரியலின் நகலைச் செய்யவில்லை. நகல்களை என்னைவிட நன்றாகச் செய்யும் கைவினைஞர்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அவர் எடுத்துக்கொண்ட கணக்கை நானும் எடுத்துக்கொண்டு, அவர் காட்டிய பாதையிலேயே, என் பட்டறையில் இருக்கும் சிறிய லேத்தில் இந்த ஊர் ஆற்றுக்கு ஒரு ரீல் செய்வது என்று முடிவெடுத்தேன். டூல்ரூமில் வேலை கற்றவன் என்பதால் கடைசல் புதிதில்லை, ஆனால் இவ்வளவு மெல்லிய தகட்டை இவ்வளவு நேராகக் கொண்டுவருவது தொழிற்சாலை வேலையிலும் அடிக்கடி வராத வேலை.

அளவுகள்: டிரம் வெளிவிட்டம் 114 மி.மீ., அதாவது நாலரை அங்குலம். டிரம்மின் முன்பக்க, பின்பக்கத் தட்டுகளுக்கு இடைவெளி 22 மி.மீ. நரம்பு படியும் கூட்டின் விட்டம் 84 மி.மீ., ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26 செ.மீ. நரம்பு வரும். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நரம்பைத் திரும்ப எடுக்கும் ரீலில் இது முக்கியம், சின்ன டிரம் என்றால் கை ஓய்ந்துவிடும்.

டிரம்மின் முன்தட்டு 6061 அலுமினியத் தகட்டிலிருந்து ஒரே துண்டாக வெட்டியது. நடுக்குடத்தில் உட்காரும் வட்டம், அதிலிருந்து மூன்று கைகள், சுற்றிலும் விளிம்பு. டிரம்மின் பின்பக்கத்தில் கைகள் எதுவும் கிடையாது, வெறும் வளையம் மட்டும்தான், அதைத் தாங்குவது ஸ்போக் கம்பிகள். முன்பக்கத்தையும் வளையமாக விட்டிருந்தால் இன்னும் எடை குறைந்திருக்கும், பார்க்கவும் அழகாக இருந்திருக்கும். ஆனால் கைப்பிடிகள் முன்பக்கத்தில்தான் இருக்கின்றன, மீன் மாட்டிய நிலையில் கையால் சுற்றும் முறுக்கு விசை முழுதும் அங்கேதான் விழும். குடத்திலிருந்து நேராக வெளியே போகும் ஸ்போக் அந்த முறுக்கைத் தாங்காது, சைக்கிளின் பின்சக்கரத்தில் ஸ்போக்குகள் நேராகப் போகாமல் சாய்ந்து குறுக்கிட்டுப் போவது இதற்காகத்தான். ஆகவே முறுக்கு முன்தட்டுக்கு, தாங்குவது மட்டும் கம்பிகளுக்கு.

மெல்லிய தகட்டைக் கடைவதில் இரண்டு தொல்லை. பிடிக்க இடம் இருக்காது, பிடித்தாலும் அதிரும். லேத்தின் ஃபேஸ் பிளேட்டில், வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை என்ற ஒரு உபரி அலுமினியத் தகட்டை முதலில் ஏற்றி, அதை நேராகச் சீவிவிட்டு, அதன்மேல் வேலைத் தகட்டைப் பல இடங்களில் சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன், ஸ்க்ரூ ஓட்டைகள் எல்லாம் பிறகு வெட்டி எறியப்படும் பகுதியில் விழும்படி. 3 மி.மீ. தகட்டில் கைகளுக்கு நடுவே வரும் ஜன்னல்களை முதலில் முரட்டாக வெட்டி, கழற்றி, ஓரிரு நாள் அப்படியே போட்டுவிட வேண்டும். தகட்டுக்குள் அடைந்திருக்கும் இறுக்கம் ஜன்னல் வெட்டியதும் வெளியேறும், தகடு லேசாக வளையும். வளைந்து முடித்த பிறகுதான் மறுபடி ஏற்றி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சீவி, 1.6 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதலில் மெலிதாக்கிவிட்டுப் பிறகு ஜன்னல் வெட்டினால் தகடு அப்பளம்போல ஆகிவிடும், அதன்பின் எதைச் செய்தும் நேராக்க முடியாது.

நடுக்குடம்தான் இந்த ரீலின் உயிர். அலுமினியக் குடம், அதற்குள் அழுத்தி ஏற்றிய பாஸ்பர் பிரான்ஸ் புஷ், அதாவது அச்சின்மேல் ஓடும் வெண்கலக் குழல். குடத்தின் இரண்டு முகங்களிலும் புஷ்ஷைச் சுற்றி ஒரு பள்ளம், ஸ்போக்கின் முனைகள் குடத்தின் சுவரைத் துளைத்து அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்க்கும், அங்கே சின்ன நட் போட்டு இறுக்கலாம். முன்தட்டு உட்காரும் படியையும் புஷ்ஷின் துளையையும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடித்தேன். கழற்றி மாட்டினால் மையம் மாறும், சின்னக் கோணல் என்றாலும் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். துளையைக் கடைசியில் ரீமர் விட்டு நயமாக்கி, அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கும் அளவுக்கு மட்டும் இடம் விட்டேன்.

பால் பேரிங் ஏன் போடவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். போட்டும் பார்த்தேன், அதே டிரம்மை மாற்று குடத்தில் ஏற்றி. டிரம்மைக் கிளப்பத் தேவையான இழுப்பு பேரிங்கில் குறைவுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே சீசனில் பெரும்பகுதி குளிர் மாதங்கள்தான். தூண்டில் கம்பின் வளையங்களில் பனிக்கட்டி உறையும் குளிரில் பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் கெட்டியாகிவிடும், கிரீஸைக் கழுவிவிட்டு ஓட்டினால் கடகடவென்ற ஓசையும் துருப் பயமும். மணல் புகுந்தால் ஆற்றங்கரையில் ஒன்றும் செய்ய முடியாது. அச்சும் புஷ்ஷும் என்றால் டிரம்மை உருவி, சட்டையில் துடைத்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அச்சு கால் அங்குல சில்வர் ஸ்டீல், கடினமாக்கி மெருகேற்றியது. அதன் முனை குடத்தின் மூடியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவில் ஊசிமுனையாகப் படுகிறது, அந்த ஸ்க்ரூவைத் திருப்பினால் டிரம் பின்தட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்க வேண்டும் என்பதைச் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்போக்குகள் ஆறு. 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியைப் ‘ப’ போல வளைத்து, இரண்டு கால்களும் குடத்துக்குள் போக, நடுப்பட்டை இரண்டு தட்டுகளையும் ஊடுருவி நிற்கும். தட்டுகளின் இடைவெளியைக் காக்க ஒவ்வொரு நடுப்பட்டையின் மேலும் ஒரு சின்ன அலுமினியக் குழல், வளைப்பதற்கு முன்பே கோர்த்துவிட வேண்டும். நரம்பு படிவது அந்தக் குழல்களின் மேல்தான். ஆறு குழல்களும் ஒரே நீளம் இருந்தால்தான் பின்வளையம் ஆடாது, அதனால் ஆறையும் ஒரே பிடிப்பானில் நிறுத்தி ஒன்றாகத் தேய்த்து முடித்தேன். கம்பியை ஒரே அளவில் வளைக்க ஒரு ஜிக் (அச்சு) அவசியம், ஸ்டெயின்லெஸ் வளைக்க வளைக்க இறுகும், ஒரே வளைப்பில் முடிக்காமல் திருப்பித் திருத்தினால் அந்த மூலையிலேயே ஒருநாள் ஒடியும்.

பிறகு கோட்டம் எடுக்கும் வேலை. இந்தப் பகுதியை நான் மிகவும் ரசித்துச் செய்தேன். சைக்கிள் கடையில் ரிம்மைச் சுற்றவிட்டு, எந்த இடத்தில் உரசுகிறது என்று பார்த்து, ஒரு ஸ்போக்கை இறுக்கி எதிர் ஸ்போக்கைத் தளர்த்துவார்களே, அதே வேலைதான், நுண்ணிய கோணலைக் காட்டும் டயல் இண்டிகேட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டு. நட்டைக் கால் திருப்புகூடத் திருப்பக் கூடாது, ஒரு நூல் அளவு தொட்டால் முள் நகரும். கம்பியை நகத்தால் சுண்டினால் ஓசை வரும், ஆறிலும் கிட்டத்தட்ட ஒரே ஓசை வந்துவிட்டால் இழுவிசை சமமாகிவிட்டது என்று அர்த்தம், முள்ளும் அதையே சொல்லும். பின்வளையம் முழுச் சுற்றுக்கு 0.1 மி.மீ.க்குள் வந்தபோது நிறுத்திக்கொண்டேன். பட்டறையில் இன்னும் குறைக்கலாம், ஆற்றில் அதனால் ஒரு வித்தியாசமும் வரப்போவதில்லை.

கைப்பிடிகள் இரண்டு, ஒன்றுக்கொன்று நேரெதிரே, எடை சரியாகச் சமமாக இருக்கும்படி. பேனா கடைபவர்கள் வாங்கும் கறுப்பு எபோனைட் தண்டில் கடைந்தேன். கடையும்போது கந்தக வாசனை பட்டறை முழுக்க நிற்கும், ரப்பரைக் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியதுதானே. வெயிலில் நாளடைவில் பழுப்பேறும், அது பரவாயில்லை, பழைய ஏரியல்களின் காலத்துப் பொருள் இது ஒன்றாவது என் ரீலில் இருக்கட்டும் என்று வேண்டித்தான் வைத்தேன். விளிம்பை மட்டும் எமரித் தாளில் மாவு போன்ற நயத்துக்குத் தேய்த்து உருட்டினேன், கட்டைவிரல்தான் பிரேக் என்பதால் அங்கே ஒரு பிசிறுகூட இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் பளபளப்பு வேண்டாம் என்று மங்கலாகவே விட்டுவிட்டேன். தூக்கிக்கொண்டு நடக்கும்போது டிரம் தானாகச் சுற்றாமலிருக்கப் பின்தட்டில் ஒரு சின்ன ராட்செட்டும் நாக்கும் உண்டு. வேண்டாதபோது தள்ளி வைக்கலாம்.

எடையைப் பற்றி: டிரம் நரம்பு இல்லாமல் 100 கிராமைச் சற்றுத் தாண்டும். அதைவிடப் பயனுள்ள கணக்கு வேறு. நரம்பின் முனையில் இருந்து பார்த்தால் டிரம் எத்தனை கிராம் சுமைபோல நடந்துகொள்கிறது? ஒவ்வொரு பாகத்தின் எடையையும் மையத்திலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டி, நரம்பு படியும் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும். என் டிரம்முக்கு 65 கிராம் அளவில் வருகிறது. எடை விளிம்புவரை பரவியிருக்கும் 200 கிராம் டிரம்முக்கு அதே கணக்கு 180 கிராமைத் தொடும். தக்கை தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டிய கூடுதல் சுமை அது. ரீல் விற்பவர்கள் பெட்டிமேல் போடவேண்டிய எண் இதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், சுற்றும் நேரம் இல்லை.

கிளப்பும் இழுப்பைப் பார்க்க நரம்பின் முனையில் காகிதத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோர்த்தேன். ஒரு கிராம் அருகில் வரும்போது டிரம் அசைந்துவிடுகிறது. தட்டிவிட்டுப் பார்த்தால் பெயர்பெற்ற ரீல்களைவிடச் சீக்கிரம் நின்றுவிடும், அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்களும் உண்டு.

ஆற்றில் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். கனராஸ்காவில் மீன்கள் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் வேக ஓட்டமும் மந்த ஓட்டமும் சந்திக்கும் மடிப்புகள். தக்கை வேகத்திலிருந்து மந்தத்துக்கு நழுவும் அந்த ஒரு கணத்தில்தான் மீன் எடுக்கும், கனத்த டிரம் சொதப்புவதும் அதே கணத்தில்தான். பதின்மூன்று அடித் தூண்டில் கம்பில் இந்த ரீலைப் போட்டு, இலேசான தக்கையும் ஈயக்குண்டும் இரைக்கு மீன்முட்டைப் பொட்டலமும் கட்டி விட்டபோது, தக்கை மடிப்பில் தளர டிரம்மும் கூடவே தளர்ந்தது, விரலை மிக லேசாக வைத்தாலே போதுமாக இருந்தது. என்னோடு வழக்கமாக வரும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எனக்கு முன்னமே இந்த ஆற்றைப் பழகியவர், பேச்சு குறைவு. கொஞ்ச நேரம் கையில் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தக்கையைப் பிடிச்சு இழுக்கேல்லை, அது பாட்டுக்குப் போகுது” என்றார். “எண்ணெய் மாத்திப் பாக்கணும் அண்ணே, குளிர் கூடினா எப்படின்னு தெரியணும்” என்றேன். “குளிர் கூடட்டும், பிறகு பாப்பம்” என்று மறுபடி தக்கையை விட்டார்.

வீசுவதிலும் வித்தியாசம் தெரிந்தது. சென்டர்பின்னில் வீசுவதற்கு நாட்டிங்ஹாம்காரரான வாலிஸ் பெயரில் ஒரு முறை இருக்கிறது. வளையங்களுக்கு நடுவே நரம்பைக் கையால் இழுத்து டிரம்மைச் சுழலவைத்து, அதே வேகத்தில் தக்கையை வெளியே அனுப்புவது. டிரம் உடனே வேகம் பிடிக்க வேண்டும், தக்கை தண்ணீரைத் தொடும் நேரத்தில் விரலுக்கு உடனே கட்டுப்பட வேண்டும். கனமான டிரம்மில் இதைப் பழகப் பல மாதம் ஆகும் என்பார்கள். இதில் இலேசான தக்கையே சுலபமாகப் போகிறது. எதிர்க்காற்றில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும், தக்கை காற்றில் தளரும்போது விரல் தயாராக இருக்க வேண்டும்.

பெரிய மீன் ஓடும்போது டிரம் சுற்றும் வேகத்தில் கைப்பிடிகள் விரல் முட்டியைப் பதம் பார்க்கும், எல்லா சென்டர்பின்னிலும் உள்ளதுதான், இதிலும் உண்டு. ஒரு நல்ல ஸ்டீல்ஹெட் கீழ்நோக்கி ஓடி, விளிம்பில் கட்டைவிரல் சூடேறும் அளவுக்கு அழுத்தியும் பின்வளையம் அசையவில்லை, ஸ்போக் எதுவும் தளரவில்லை. மீனை விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு குளிர்காலம் ஓட்டிய பிறகு கழற்றிப் பார்த்ததில் புஷ்ஷின் கீழ்ப்பகுதியில் லேசான மினுக்கம் மட்டும் இருந்தது, அச்சில் கீறல் இல்லை. இரண்டு நட்டுகள் மிகச் சிறிதளவு தளர்ந்திருந்தன, இறுக்கி, மறுபடி தளராமலிருக்க நட்டுக்கான பசை ஒரு துளி வைத்துவிட்டேன். பின்தட்டின் உட்பக்கத்தில், டிரம்மைக் கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில், ‘ஹென்றி காக்ஸன், நாட்டிங்ஹாம்’ என்று செதுக்கியிருக்கிறேன். இதையே செய்ய நினைப்பவர்களுக்கு: குடத்தை முதலில் செய்யுங்கள், அது அச்சில் நினைத்தபடி ஓடும்வரை தகட்டில் கை வைக்காதீர்கள். அடுத்ததாக நாலு அங்குல டிரம் ஒன்று, சின்ன ஓடைகளுக்காக, நான்கு ஸ்போக்கில். நான்கில் பின்வளையம் வட்டமாகவே நிற்குமா என்பதுதான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம்.